வரிக்கு மட்டும் பிரெஞ்சுக்காரி: யூபெர்தீன் ஓக்ளேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸ் என்றதும் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்கள் நம் பள்ளிப் புத்தகத்திலிருந்தே நினைவுக்கு வரும். அந்தச் சொற்களைச் சுவரில் செதுக்கி வைத்த நாட்டில் 1945 வரை ஒரு பெண்கூட வாக்களித்ததில்லை என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். அந்த நாட்டில் நாற்பது ஆண்டுகள் ஓயாமல் வாக்குரிமை கேட்டவர் யூபெர்தீன் ஓக்ளேர். அவரைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இவர்? எங்கே பிறந்தார்?

பிரான்ஸின் நடுப்பகுதியில் அலியே என்ற மாவட்டம். அங்கே சேன்-ப்ரியே-ஆன்-முரா என்ற சிற்றூரில் 1848 ஏப்ரல் 10 அன்று பிறந்தார். நிலபுலன் உள்ள குடும்பம், ஏழு பிள்ளைகள், இவர் ஐந்தாவது. அப்பா குடியரசுக் கொள்கையில் ஊறியவர், ஊர் மேயர். 1851-இல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது அப்பாவின் மேயர் பதவி போனது. ஆக, அரசியல் என்பது இந்தப் பெண்ணுக்குப் பாரிஸில் கற்ற பாடம் இல்லை. வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தது.

பிறந்த தேதியை நான் எப்போதும் இன்னொரு தேதியோடு சேர்த்தே சொல்வேன். 1848 மார்ச் 5 அன்று புதிய பிரெஞ்சுக் குடியரசு 'அனைவருக்கும் வாக்குரிமை' என்று ஆணை பிறப்பித்தது. சொத்து இருக்கிறதா, எவ்வளவு வரி கட்டுகிறாய் என்ற கேள்விகளெல்லாம் ஒரே நாளில் ஒழிந்தன. ஏறத்தாழ 90 லட்சம் பேர் வாக்காளர் ஆனார்கள். அத்தனை பேரும் ஆண்கள். அந்த ஆணை வந்து முப்பத்தாறாவது நாள் பிறந்த குழந்தை யூபெர்தீன். 'அனைவரும்' என்ற அந்த ஒரு சொல்லோடு அவர் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டினார்.

கன்னியர் மடத்தில் சேர நினைத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். படித்ததே கன்னியர் நடத்திய பள்ளியில். பதின்மூன்று வயதில் அப்பாவை இழந்தார். துறவியாகி ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற ஆசை அப்போது அவருக்கு நிஜமாகவே இருந்தது. மடத்தார்தான் ஏற்கவில்லை, சொன்னதைக் கேட்டு அடங்கி நடக்கும் சுபாவம் இந்தப் பெண்ணிடம் இல்லை என்று கண்டுகொண்டார்கள். பின்னாளில் மதகுருமாரின் செல்வாக்கைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். ஆனாலும் ஒரே காரியத்துக்காக வீடு, வசதி, ஓய்வு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும் அந்தத் துறவு மனம் கடைசிவரை அவரிடம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

1866-இல் அம்மாவும் இறந்தார். பெற்றோர் விட்டுப்போன பங்கு கையில் இருந்ததால் யாரிடமும் கையேந்தாமல் வாழ முடிந்தது. திருமணம் ஆகாத, வயது வந்த பெண் என்பதால் அந்தப் பணத்தை அவரே கையாளவும் சட்டம் அனுமதித்தது. இது முக்கியமான விஷயம், கீழே மறுபடி வரும்.

பாரிஸுக்கு எப்படி வந்தார்?

ஒரு பத்திரிகைச் செய்தி. 1872-இல் லியோன் ரிஷேர் என்ற பத்திரிகையாளரும் மரியா தெரேம் என்ற சொற்பொழிவாளரும் பாரிஸில் பெண்ணுரிமைக்காக ஒரு விருந்துக் கூட்டம் நடத்தினார்கள். எழுத்தாளர் விக்தோர் உய்கோ அதற்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். நாட்டில் குடிமகன்கள் இருக்கிறார்கள், குடிமகள்கள் இல்லை. இந்த நிலை ஒழிய வேண்டும் என்பது அதன் சாரம். ஊரில் உட்கார்ந்து இதைப் படித்த யூபெர்தீன் 1873-இல் பாரிஸுக்குப் புறப்பட்டு, ரிஷேரின் பத்திரிகை அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வயது இருபத்தைந்து.

'குடிமகள்' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

அந்தக் காலத்தில் பிரெஞ்சுச் சட்டம் பெண்களை எங்கே வைத்திருந்தது?

1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டத்தின் 213-ஆவது பிரிவு ஒரே வரியில் சொல்லிவிடும்: கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். மற்றதெல்லாம் இதன் கிளைகள்தான். திருமணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது, சொத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. அவள் தறியில் நின்று சம்பாதித்த கூலிகூடச் சட்டப்படி அவள் கைக்கு உரியதில்லை. அந்த உரிமை 1907-இல்தான் வந்தது. ஒரு பிறப்புப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடும் தகுதி 1897 டிசம்பர் வரை எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

தண்டனைச் சட்டம் இன்னும் கொடுமை. மனைவி பிறனோடு தொடர்பு வைத்தால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. கணவன் அதையே செய்தால் குற்றமே இல்லை. தன் ஆசைநாயகியைக் குடும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால்தான் குற்றம், அதற்கும் அபராதம் மட்டுமே.

மேலே சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணம் ஆகாத பெண்ணும் விதவையும் சட்டத்தின் கண்ணில் ஓரளவு முழு ஆள். அவர்கள் பெயரிலேயே வரிச் சீட்டு வரும். தாலி ஏறியதும் நம் ஊரில் என்னென்ன மாறும் என்று நமக்குத் தெரியும். அங்கே மோதிரம் ஏறியதும் சட்டப்படியே ஆள் பாதியாகிவிடுவாள்.

அவருக்கு முன்பே பெண்ணுரிமை பேசியவர்கள் இருந்தார்களே, அவர்கள் வாக்குரிமை கேட்கவில்லையா?

ஒருவர் கேட்டார். 1849-இல் ஜான் தெருவான் என்ற தையல்காரப் பெண் தேர்தலில் நிற்கவே முயன்றார், பின்பு சிறைக்குப் போனார், நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஆனால் 1870-களில் இயக்கத்தை நடத்திய ரிஷேரும் தெரேமும் வாக்குரிமைப் பேச்சைத் தள்ளிப்போட்டார்கள். முதலில் கல்வி, சொத்துரிமை, விவாகரத்து. வாக்கு அப்புறம் என்பது அவர்கள் வழி.

அவர்கள் கோழைகள் இல்லை. அவர்களுக்கு ஒரு நியாயமான பயம் இருந்தது. குடியரசு மறுபடி பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மன்னராட்சியும் தேவாலயமும் எப்போது திரும்பிவரும் என்று காத்துக்கொண்டிருந்தன. பெண்கள் பாதிரியார் சொல்கிற பக்கம்தான் வாக்குப் போடுவார்கள், குடியரசே கவிழ்ந்துவிடும் என்று ரிஷேர் வெளிப்படையாகவே எழுதினார். அந்தப் பயத்தின் மீது அடுத்த எழுபது ஆண்டுகள் அரசியல்வாதிகள் வசதியாகக் குடியிருந்தார்கள்.

ஓக்ளேர் இதை ஏற்கவில்லை. பாவமன்னிப்புக் கூண்டுக்குப் போகிற ஆணின் வாக்கை யாரும் பிடுங்கவில்லையே என்று கேட்டார். சட்டம் இயற்றுகிறவர்களைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்களுக்காக எவன் சட்டத்தை மாற்றப்போகிறான்? வாக்குதான் சாவி, மற்றவை அதற்குப் பின்னால் உள்ள அறைகள் என்பது அவர் வாதம். 1876-இல் தனிச் சங்கம் தொடங்கினார். அது 1883-இல் 'பெண்கள் வாக்குரிமை' என்று நேரடியாகவே பெயர் மாற்றிக்கொண்டது. 1878-இல் ரிஷேரும் தெரேமும் பாரிஸில் நடத்திய பன்னாட்டு மாநாட்டில் வாக்குரிமை பற்றிப் பேச அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. பேசவிடாத உரையை அச்சடித்து வெளியிட்டார். மாநாட்டில் எடுத்துக்கொள்ளப்படாத கேள்வி இது என்று தலைப்பிலேயே போட்டார்.

தொழிலாளர் இயக்கம் அவருக்குத் துணை நின்றதா?

கொஞ்ச காலம். 1879 அக்டோபரில் மார்செய் நகரில் நடந்த தொழிலாளர் மாநாட்டுக்குப் போனார். தான் தொழிலாளியாக வரவில்லை, தொண்ணூறு லட்சம் அடிமைகளின் பிரதிநிதியாக, ஓர் அடிமையாக வந்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் மனைவியை அடக்கி வைத்துக்கொண்டு முதலாளியிடம் சமத்துவம் கேட்பவர்களைப் பார்த்து நேருக்கு நேர் பேசினார். ஆணும் பெண்ணும் முழுச் சமம் என்று அந்த மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் தாளில் நின்றது. புரட்சி வந்தால் பெண் விடுதலை தானாக வரும் என்று சோஷலிஸ்டுகள் சொல்லத் தொடங்கியதும் அவர் விலகினார்.

வரி கட்ட மறுத்த கதை என்ன?

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நிதானமாகச் சொல்கிறேன்.

1880 தொடக்கத்தில் ஓக்ளேர் பாரிஸின் பத்தாவது வட்டத்து நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். புதுச்சேரிக்காரர்கள் இன்றும் 'மேரி' என்று சொல்கிறார்களே, அதே அலுவலகம். வாக்காளர் பட்டியலில் என் பெயரைச் சேருங்கள் என்றார். சட்டம் 'எல்லா பிரெஞ்சுக்காரர்களும்' வாக்காளர்கள் என்கிறது, நானும் பிரெஞ்சுக்காரிதான் என்பது அவர் வாதம். மறுத்தார்கள். வாக்குரிமை விஷயத்தில் 'பிரெஞ்சுக்காரர்' என்றால் ஆண் மட்டுமே என்றார்கள்.

சரி என்று வீட்டுக்கு வந்தார். பின்பு வரிச் சீட்டு வந்தது. வரிச் சட்டமும் 'எல்லா பிரெஞ்சுக்காரர்களும்' கட்ட வேண்டும் என்றே சொல்கிறது. வாக்கு என்றால் நான் பிரெஞ்சுக்காரி இல்லை, வரி என்றால் மட்டும் பிரெஞ்சுக்காரியா? மாவட்ட ஆட்சிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆளவும் ஆணையிடவும் வரவுசெலவைத் தமக்கே ஒதுக்கிக்கொள்ளவும் உரிமை கொண்டாடும் ஆண்கள், தாங்கள் விதித்த வரியைக் கட்டும் உரிமையையும் தாங்களே வைத்துக்கொள்ளட்டும் என்றார். என் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆகவே இனி நான் அதைத் தருவதாக இல்லை என்றார். அந்தக் கடிதத்தின் நெஞ்சாக இருந்த வரி: "நான் வாக்களிப்பதில்லை, நான் கட்டுவதில்லை."

சுமார் இருபது பெண்கள் அவரோடு சேர்ந்தார்கள். எல்லாரும் விதவைகளும் திருமணமாகாதவர்களும். ஏனென்றால் மனைவிகளுக்கு மறுப்பதற்கு ஒரு வரிச் சீட்டுக்கூடச் சொந்தமாக இல்லை. மிரட்டல் கடிதங்கள் வரத் தொடங்கியதும் பலர் கட்டிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஒரு விதவையின் வீட்டுச் சாமானை ஜப்தி செய்தால் அவள் எங்கே போவாள்? ஓக்ளேர் கட்டவில்லை. வழக்கு நிர்வாக மன்றத்துக்குப் போனது. அந்த்தொனின் லெவ்ரியே என்ற இளம் வழக்கறிஞர் துணை நின்றார். தோற்றார்கள். மேல் மன்றத்துக்குப் போனார்கள், அங்கும் தோற்றார்கள். கடைசியில் அமீனா வந்து மேசை நாற்காலிக்கு முத்திரை வைத்த பிறகுதான் வரியைக் கட்டினார்.

தோல்விதான். ஆனால் பாரிஸ் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. பெண்ணுரிமை பேசுகிறவர்களைப் பல ஆண்டுகள் கேலி செய்துவந்த அலெக்ஸாந்தர் துமா (புகழ்பெற்ற நாவலாசிரியர் துமாவின் மகன்) அந்த ஆண்டே பெண்களுக்கு வாக்குரிமை தந்தால் என்ன என்று ஒரு சிறுநூல் எழுதினார். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்திருக்கிறோம் என்று அரசு தன் வாயாலேயே சொல்லும்படி அவர் செய்துவிட்டார். 1885-இல் லூயிஸ் பர்பெருஸ் என்ற ஆசிரியை இதே வாதத்தோடு நீதிமன்றம் போனபோது, நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அதை எழுத்துப்பூர்வமாகவே உறுதிசெய்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் எதிர்த்தாரா?

ஆமாம், 1881-இல். நாட்டு விவகாரத்தில் எங்களைக் கணக்கில் எடுப்பதில்லை, பிறகு தலையை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டு, படிவத்தை நிரப்பாதீர்கள் என்று பெண்களிடம் சொன்னார். பெரிய ஆதரவு கிடைக்கவில்லை.

கல்யாண வீட்டில் புகுந்து பேசினார் என்கிறார்களே?

கல்யாண வீட்டில் இல்லை, நகராட்சியில். பிரான்ஸில் திருமணம் சட்டப்படி நடப்பது அங்கேதான். மேயர் இடுப்பில் மூவண்ணப் பட்டை கட்டிக்கொண்டு மணமக்கள் முன்னால் சிவில் சட்டப் பிரிவுகளை வாசிப்பார். அன்று கீழ்ப்படிய வேண்டும் என்ற அந்த 213-ஐயும் வாசித்தார்கள். 1880-இல் ஓக்ளேரும் தோழர்களும் சடங்கு முடிந்ததும் எழுந்து புதுத் தம்பதிக்கு வாழ்த்துச் சொல்லி, இப்போது வாசித்த சட்டம் எப்படிப்பட்டது, நீங்கள் உங்கள் வீட்டில் அதைப் பொருட்படுத்தாமல் சமமாக வாழுங்கள் என்று சின்ன உரை நிகழ்த்தினார்கள். சில இடங்களில் மணமகளின் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆட்சியர் விரைவில் தடை போட்டார்.

எந்தப் பத்திரிகையை நடத்தினார்?

1881 பிப்ரவரி 13 அன்று முதல் இதழ் வந்தது. பெயர் 'லா சித்துவாயேன்'. பொருள் 'குடிமகள்'. உய்கோவின் கடிதத்தில் இல்லை என்று சொன்ன அந்தக் குடிமகளைப் பத்திரிகையின் நெற்றியில் எழுதினார். வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, பணம் போதாமல் மாத இதழாகி, 1891 வரை வந்தது. மாரி பாஷ்கிர்த்சேஃப் என்ற ரஷ்ய ஓவியர், பின்னாளில் நாட்குறிப்பால் உலகப்புகழ் பெற்றவர், பவுலின் ஒரெல் என்ற புனைபெயரில் அதில் ஓவிய விமர்சனம் எழுதியிருக்கிறார். கலைப்பள்ளியில் பெண்களைச் சேர்க்க மறுப்பதைச் சாடியிருக்கிறார்.

எனக்கு அந்தப் பத்திரிகையில் பிடித்தது, அது வாக்கோடு நிற்காமல் வாக்கு கிடைத்தால் என்ன செய்வோம் என்றும் எழுதியதுதான். இப்போதைய அரசு ஒரு பூதம், வரியையும் இளைஞர்களின் உயிரையும் விழுங்குகிறது. பெண்களும் ஆளும்போது அரசு ஒரு தாய்போல இருக்க வேண்டும், குழந்தையையும் முதியவரையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓக்ளேர் எழுதினார். பெண்கள் படைக்குப் போவதில்லையே, எதற்கு வாக்கு என்று கேட்டவர்களுக்கு, பிள்ளை பெறும் படுக்கையில் பெண்கள் சிந்தும் ரத்தம் எந்தக் கணக்கில் வருகிறது என்று திருப்பிக் கேட்டார்.

'பெண்ணியவாதி' என்ற சொல்லை உண்டாக்கியவர் இவர்தானா?

சொல்லை உண்டாக்கியவர் இல்லை, சொல்லை மீட்டவர். 'ஃபெமினிஸ்ட்' என்பதன் மூலமான பிரெஞ்சுச் சொல் 1870-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பெண்தன்மை கொண்ட ஆண்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல். 1872-இல் அதைப் பெண்ணுரிமை பேசுவோரை இழிவுபடுத்தும் சொல்லாக மாற்றியவர், மேலே பார்த்த அதே மகன் துமா. 1882-இல் ஓக்ளேர் அதைத் தன்னையே குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொண்டார். அதன் பின் பத்தாண்டுகளில் அந்தச் சொல் ஐரோப்பா முழுவதும் பரவியது. இன்று தமிழில் 'பெண்ணியம்' என்று எழுதும்போது அந்தப் பயணத்தின் ஒரு முனையில் நாமும் நிற்கிறோம்.

மொழியையும் மாற்றச் சொன்னாரா?

தமிழில் 'வாக்காளர்' என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 'ர்' விகுதி இருவரையும் மரியாதையோடு உள்ளே அழைத்துவிடுகிறது. பிரெஞ்சில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். பல தொழில்களுக்கும் பொறுப்புகளுக்கும் ஆண்பால் வடிவம் மட்டுமே அகராதியில் இருந்தது. 1898-இல் 'லெ ரதிகால்' நாளேட்டில் ஓக்ளேர் இதைப் பற்றி எழுதினார். பெண் சாட்சியை எப்படிச் சொல்வது, பெண் வழக்கறிஞரை எப்படிச் சொல்வது, பெண் வாக்காளர் 'எலெக்த்தேர்' ஆ 'எலெக்த்ரீஸ்' ஆ என்றுகூட நமக்குத் தெரியவில்லையே என்றார். அகராதியில் பெண்பால் விடுபட்டுப்போனது, சட்டத்தில் பெண் விடுபட்டுப்போனதற்கு நாம் நினைப்பதைவிட அதிகமாகத் துணைபோகிறது என்பது அந்தக் கட்டுரையின் கருத்து.

சின்ன விஷயம் என்று அன்று பலரும் ஒதுக்கினார்கள். வாழ்நாளெல்லாம் 'எல்லாரும்', 'பிரெஞ்சுக்காரர்' என்ற சொற்களால் வாசலில் நிறுத்தப்பட்டவருக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது. நடைமுறையில் இருந்த வாக்குரிமையை 'அனைவருக்குமான வாக்குரிமை' என்று சொல்லவே அவர் வாய் வரவில்லை. 'ஒருபால் வாக்குரிமை' என்றுதான் சொன்னார்.

திருமணம் செய்துகொண்டாரா? அல்ஜீரியா எப்படி வந்தது?

வரி வழக்கில் துணை நின்ற லெவ்ரியேதான் கணவர். முன்பே கேட்டிருந்தார், ஓக்ளேர் மறுத்திருந்தார். எதற்காக மறுத்தார் என்பதை 213-ஆவது பிரிவைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்பு லெவ்ரியேவுக்கு அல்ஜீரியாவில் நீதிபதிப் பணி கிடைத்தது, உடல்நிலையும் கெட்டிருந்தது. 1888-இல் நாற்பதாவது வயதில் ஓக்ளேர் அங்கே போய் அவரை மணந்தார். தன் பெயரை விட்டுவிடவில்லை. எழுதியதெல்லாம் ஓக்ளேர் என்ற பெயரில்தான். நான்கே ஆண்டுகள். 1892-இல் கணவர் இறந்ததும் பாரிஸ் திரும்பினார். இதற்குள் பொறுப்பை ஏற்றிருந்த மரியா மர்த்தேன் 'குடிமகள்' இதழை நிறுத்தித் தன் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். கணவரும் இல்லை, பத்திரிகையும் இல்லை.

அல்ஜீரியாவில் கண்டதை 1900-இல் புத்தகமாக்கினார், அரபுப் பெண்களைப் பற்றி. சிறுமிகளை மணமுடித்துக் கொடுப்பதையும் பலதார மணத்தையும் சாடினார். அதோடு நிற்கவில்லை. அந்த வழக்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்து கண்ணை மூடிக்கொள்வது பிரெஞ்சு நிர்வாகமே என்றும், அரபுச் சிறுமிகளுக்குப் பள்ளி வேண்டாம் என்று தடுப்பது அதே நிர்வாகம்தான் என்றும் எழுதினார். குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் அரபு மக்களை எப்படி இழிவாக நடத்துகிறார்கள் என்றும் பதிவுசெய்தார்.

அவர் இனவாதியா? காலனி ஆட்சியை ஆதரித்தாரா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. காலனி ஆட்சியை அவர் எதிர்க்கவில்லை. அரபு மக்கள் பிரெஞ்சுக்காரர்களாக மாறுவதே நல்லது, பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்கு இருந்தால் அரபுச் சகோதரிகளைக் காப்பாற்றுவார்கள் என்று நினைத்தார். அந்தச் சகோதரிகளிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் எண்ணம் குறைவு.

இதைவிட வலிக்கும் பக்கம் ஒன்று உண்டு. காலனிகளில் உள்ள கறுப்பின ஆண்களுக்கு வாக்கு இருக்கிறது, படித்த வெள்ளைப் பெண்களுக்கு இல்லை, இது வெள்ளை இனத்துக்கே அவமானம் என்று 1908-இல் வந்த தன் வாக்குரிமை நூலில் எழுதினார். கரீபியனில் உள்ள பிரெஞ்சு ஆண்டில்ஸ், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் ஆகிய தீவுகளோடு பிரெஞ்சு இந்தியாவும் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பிய காலம் அது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்த தமிழ் ஆண்கள் அந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள். அந்த ஊர்களின் தமிழ்ப் பெண்களுக்கும் பாரிஸ் பெண்களைப் போலவே வாக்கு இல்லை. ஓக்ளேர் அந்தப் பெண்களைக் கணக்கில் எடுத்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். 'எல்லாரும்' என்ற சொல்லில் யார் விடுபட்டார்கள் என்று வாழ்நாளெல்லாம் கேட்டவர் இந்த இடத்தில் தவறிவிட்டார். நான் அவரை நேசிக்கிறேன்; இதை மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்க மாட்டேன்.

வாக்குப்பெட்டியை உடைத்தது எப்போது?

அதற்கு முன் 1904. சிவில் சட்டத்தின் நூற்றாண்டை அரசு கொண்டாடியது. அக்டோபர் 29 அன்று ஓக்ளேர் தோழிகளோடு வாந்தோம் சதுக்கத்துக்குப் போனார். அங்கே உயர்ந்த தூணின் உச்சியில் நெப்போலியன் நிற்கிறார். அவர் காலடியில் நின்று அவர் தந்த சட்டத்தின் பக்கங்களைக் கிழித்தார். போலீஸ் வந்து கலைத்தது.

1908 மே 3, பாரிஸ் நகராட்சித் தேர்தல். ஓக்ளேருக்கு அறுபது வயது முடிந்து மூன்று வாரம். நான்காவது வட்டத்தில் ஒரு வாக்குச்சாவடிக்குள் நுழைந்து வாக்குப்பெட்டியைப் பிடித்துக் கீழே தள்ளினார், சீட்டுகளை மிதித்தார். ஆண்களின் வாக்கை மட்டும் கொண்ட பெட்டி சட்டவிரோதமானது என்பது அவர் வாதம். கைது, வழக்கு, 16 பிராங்க் அபராதம்.

அவர் அடிதடிக்காரர் என்று இதைவைத்து நினைத்துவிட வேண்டாம். கூச்ச சுபாவம் உள்ளவர். மேடையில் சரளமாகப் பேச வராது, எழுதிவைத்ததை வாசிப்பார். மனு, வழக்கு, பத்திரிகை, வரி, கணக்கெடுப்பு என்று கேட்க வேண்டிய வாசலிலெல்லாம் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பார்த்த ஒருவர், கடைசியில் தன் இயல்புக்கே எதிராகப் போய்ச் செய்த காரியம் அது. எனக்கு அந்தப் பெட்டியைவிட, அந்தக் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் கை எப்படி நடுங்கியிருக்கும் என்பதே நினைவில் நிற்கிறது.

தேர்தலில் நின்றாரா?

1910 நாடாளுமன்றத் தேர்தலில், பாரிஸ் பதினோராவது வட்டத்தில். பத்திரிகையாளர் மார்கெரித் துய்ரான், மருத்துவர் மத்லேன் பெல்த்தியே ஆகியோரும் வேறு வட்டங்களில் நின்றார்கள். இவர்களுக்கு விழுந்த சீட்டுகளைச் சட்டம் செல்லாதவையாகக் கருதியது. ஆனாலும் ஓர் ஆண் ஒரு பெண்ணின் பெயர் உள்ள சீட்டைப் பெட்டியில் போட்டான் என்பது நடந்ததுதான்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், ரொக்கெத் தெருவில் எளிமையாக வாழ்ந்தார். 1914-இல், அறுபத்தாறு வயதை ஒட்டி, அங்கேயே இறந்தார். பெர் லாஷேஸில் கணவரோடு அடக்கம். கல்லறையில் 'பெண்கள் வாக்குரிமை' என்று செதுக்கியிருக்கிறது. வாக்களிக்காமலே போனவர். அவர் விட்டுப்போன எழுத்துகளில் ஒரு தொகுப்பை 1923-இல் சகோதரி வெளியிட்டார். 2009-இல் பாரிஸ் வட்டாரத்தில் பெண்-ஆண் சமத்துவத்துக்காகத் தொடங்கிய மையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை எப்போது வந்தது?

முதல் உலகப்போர் முடிந்ததும் வந்துவிடும் போலிருந்தது. 1919-இல் கீழவை 329-க்கு 95 என்று ஆதரித்து வாக்களித்தது. மேலவை மூன்று ஆண்டு இழுத்தடித்து 1922-இல் 156-க்கு 134 என்று தோற்கடித்தது. காரணம் ரிஷேரின் அதே பழைய பயம்: பாதிரியார். அதன் பிறகும் கீழவை பலமுறை அனுப்பியது, மேலவை அசையவில்லை.

கடைசியில் இரண்டாம் உலகப்போரின் நடுவே, ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்தபோது, ஜெர்மானியரை எதிர்த்து நின்ற பிரெஞ்சுத் தளபதி தெகோல் தலைமையிலான விடுதலைக் குழு 1944 ஏப்ரல் 21 அன்று ஆணை பிறப்பித்தது. பிறப்பித்த இடம், ஓக்ளேர் மணம் முடித்து வாழப் போயிருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸ். 1945 ஏப்ரல் 29 அன்று நகராட்சித் தேர்தலில் பிரெஞ்சுப் பெண்கள் முதன்முறையாக வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

அந்த ஆணையின் 17-ஆவது பிரிவு ஒரே வாக்கியம். ஆண்களுக்குரிய அதே விதிகளின்படி பெண்கள் வாக்காளர்கள், தேர்தலில் நிற்கவும் தகுதி உடையவர்கள் என்கிறது. 'வாக்காளர்கள்' என்ற இடத்தில் அவர்கள் எழுதியிருக்கும் சொல் 'எலெக்த்ரீஸ்'.